பிழை யார் பக்கம்?



காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக்குச் செல்லும் சாலையில், விளக்கு வைக்கும் நேரத்தில், இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டன. ஒன்று மோட்டார் சைக்கிள், மற்றொன்று மிதிவண்டி. மோட்டார் சைக்கிளில் வந்தவன் நம் பங்கைச் சேர்ந்த இளைஞன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவன். இரவு முறை வேலைக்குக் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க விரைந்துகொண்டிருந்தான். மிதிவண்டியில் சென்றவர் அறுபது வயதைக் கடந்த நெசவாளர். காஞ்சியில் ஊடைப்பட்டு வாங்கிப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

இளைஞன் பின்னாலிருந்து ஹாரன் அடித்தான். பெரியவர் இடப்பக்கம் ஒதுங்குவார் என்று எண்ணி, வலப்பக்கமாக முந்தினான். பெரியவரோ அந்தக் கணத்தில்தான் தம் தெருவுக்குத் திரும்புவதற்காக வண்டியை வலப்பக்கம் ஒடித்தார். இருவரும் விழுந்தனர். இளைஞனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பெரியவருக்கு வலக்கை மணிக்கட்டில் விரிசல். பட்டுக் கழிகள் சாலையோரச் சேற்றில் உருண்டன.

வேலைக்குப் போகாத நாளுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலியில்லை. மணிக்கட்டு அசையாத நெசவாளனுக்குத் தறியில்லை. ஒரு வீட்டில் தங்கையின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் மருத்துவத்துக்குப் போயிற்று. மற்றொரு வீட்டில் பாதி நெய்த புடவை தறியிலேயே நின்றது. பத்து நாள் கழித்து இரு வீட்டாரும் நம் இல்லத்தின் வாசலுக்கு வந்தனர். வழக்கும் காப்பீடும் அவற்றின் வழியே நடக்கட்டும், ஆனால் ஒரே ஊரில் முகம் பாராமல் எப்படி வாழ்வது என்பது அவர்கள் கவலை. “பிழை யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள், சாமி” என்றார் இளைஞனின் தாயார்.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். செய்தி நம் காதுக்கு வந்த அன்றே, “கை காட்டாமல் திரும்பினால் இப்படித்தான் ஆகும்” என்று நாம் சொல்லிவிட்டோம். அந்தப் பையன் சிறுவனாகப் பீடத்தில் நம் அருகே நின்று பூசைக்கு உதவி செய்தவன். பெரியவரை நமக்கு முகம் தெரியாது. தெரிந்தவனுக்குச் சாதகமாக நம் நாக்கு தானாகவே சாய்ந்துவிட்டது. விபத்து நடந்த இடத்தில் கூடிய கூட்டமோ வேறு பக்கம் சாய்ந்திருந்தது. பைக்கின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வலியால் துடித்தவனை அதட்டியிருக்கிறார்கள். காரும் பைக்கும் மோதினால் கார்க்காரன் குற்றவாளி. பைக்கும் மிதிவண்டியும் மோதினால் பைக்காரன் குற்றவாளி. மிதிவண்டி நடந்து செல்பவர்மேல் இடித்தால் மிதிவண்டிக்காரன் குற்றவாளி. நம் சாலைகளில் எழுதப்படாத சட்டம் இதுதான்.

இந்த வழக்கத்துக்கு நம் நாட்டில் நீண்ட வேர் உண்டு. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்த கதை யாருக்குத் தெரியாது? அந்தக் கன்று எதிர்பாராத விதமாகத் தேர்ச்சக்கரங்களுக்கிடையே புகுந்தது என்றே பெரியபுராணமும் கூறுகிறது. ஆயினும் மனுநீதிச் சோழன் கன்றைக் குறை கூறவில்லை. தேர் ஓட்டிய மகனையே பொறுப்பாக்கினான். வலியவன் மெலியவனுக்குப் பொறுப்பு என்ற அந்த நீதி நம் இரத்தத்தில் ஊறியது. நல்ல நீதிதான். ஆனால் ஆராய்ந்து பாராமல் அதைக் கையில் எடுக்கும் கூட்டம், நீதி செய்கிறதா, கோபம் தீர்க்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

நிற்க.

அன்று மாலை கோயில் முகப்பில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் நம்மிடம் இதற்கு நேர்மாறான ஒரு நீதியை எடுத்து வைத்தனர். “கார்ப் பந்தயத்தில் மெதுவாகப் போகிறவன்தான் வழிவிட வேண்டும், ஃபாதர். நம் நரேன் கார்த்திகேயனுக்கே அபராதம் போட்டார்களே!” என்றான் ஒருவன். அவர்களில் பலர் வேலை செய்யும் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலையும் உண்டு, 1990-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடமும் உண்டு. அதற்குமுன் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பிள்ளைகள் தம் கைப்பேசியில் பழைய காட்சிகளைக் காட்டினர். நாமும் சில நாள் அதைப் பற்றித் தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நீலக் கொடி

பந்தயத் தடம் சுற்றிச் சுற்றி வருவது. ஐம்பது, அறுபது, எழுபது சுற்றுகள் ஓடும்போது, முதலில் செல்பவன் கடைசியில் செல்பவனை ஒரு முழுச் சுற்று விஞ்சி, மறுபடியும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்வான். இவ்விருவருக்குள் அப்போது போட்டி எதுவும் இல்லை. ஒருவன் வெற்றிக்காக ஓடுகிறான். மற்றவன் ஓட்டத்தை முடிப்பதற்காக ஓடுகிறான். ஆனால் சாலை ஒன்றுதான்.

அதற்காகவே நீலக் கொடி ஏற்பட்டது. தடத்தின் ஓரத்தில் நிற்கும் பணியாளர் அதை அசைத்தால், ‘உன்னை ஒரு சுற்று முந்த ஒருவன் வருகிறான், முதல் வாய்ப்பிலேயே வழிவிடு’ என்று பொருள். மதியாமல் தொடர்ந்து வழிமறித்தால் தண்டனை உண்டு. வழிவிடுகிறவனுக்கும் இழப்பு உண்டு. பல வண்டிகள் ஓடி ஓடிச் சுத்தமான கோட்டிலேதான் டயருக்குப் பிடிப்பு கிடைக்கும்; ஓரத்தில் டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துணுக்குகளும் புழுதியும், மழைநாளில் ஈரமும் கிடக்கும். மெதுவான வண்டி அங்கே ஒதுங்கினால் வழுக்கும், பின்தங்கும். இருந்தும் ஒதுங்கவேண்டும்.

இளைஞர்கள் இதுவரை சொன்னது சரிதான். அவர்கள் விட்டுவிட்ட பாதி ஒன்று உண்டு. கொடி அசைந்துவிட்டதாலேயே வழி கிடைத்துவிட்டதென்று பொருளில்லை. முன்னால் செல்பவன் எந்தப் பக்கம், எந்த இடத்தில் ஒதுங்குவான் என்பதைப் பின்னால் வருபவன் பார்த்துத்தான் முந்தவேண்டும். முன்னவன் திடீரென்று வளையவோ வேகத்தைக் குறைக்கவோ கூடாது. பின்னவன் இல்லாத இடத்தில் புகுந்துவிடக் கூடாது. கடமை இருபுறமும் உண்டு.

மோதல் நேர்ந்தால் நடுவர் குழு கூடுகிறது. பல கோணங்களில் எடுத்த படம், எந்தக் கணத்தில் யார் பிரேக்கை மிதித்தார், யார் திருப்பினார் என்று வண்டியிலுள்ள கருவிகள் பதிந்த கணக்கு, வானொலிப் பேச்சு எல்லாவற்றையும் பார்த்து, பிழை முழுவதுமோ பெரும்பகுதியோ ஒருவர்மேல் சாருமா என்று ஆராய்கின்றனர். சாராவிட்டால், பந்தயத்தில் நேர்ந்த விபத்து என்று விட்டுவிடுகின்றனர். மோதலின் விளைவைக் கொண்டு தண்டனையை அளப்பதில்லை, செயலைக் கொண்டே அளக்கிறோம் என்பது அவர்கள் பொதுவாகச் சொல்லிவரும் நெறி. இந்த நெறியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒரே நாளில் இரண்டு மோதல்

2012 மார்ச் 25, மலேசியாவில் செபாங் தடம். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்று 2005-இல் பெயர் பெற்ற கோவையின் நரேன் கார்த்திகேயன், எச்.ஆர்.டி. என்ற சிறிய அணியின் வண்டியில் ஓடினார். அந்த வண்டி எவ்வளவு மெதுவானது என்றால், ஒரு வாரத்துக்குமுன் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரு வண்டிகளுமே தகுதி வேகத்தை எட்டாமல் பந்தயத்தில் சேரவே முடியவில்லை.

செபாங்கில் பெருமழை. பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது. மழைக்கேற்ற டயருடனேயே புறப்பட்டிருந்த நரேன், மற்றவர்கள் டயர் மாற்ற நின்ற வேளையில் பத்தாம் இடம்வரை வந்திருந்தார். பந்தயம் மறுபடி தொடங்கிய சிறிது நேரத்தில், முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் வென்ற ஜென்சன் பட்டன், ஒரு வளைவில் சறுக்கி நரேனின் வண்டியில் இடித்தார். பட்டனின் முன்சிறகு உடைந்தது; முன்னணியில் இருந்தவர் கடைசியில் பதினான்காம் இடத்தில் முடித்தார். வெற்றிக்கே வாய்ப்பிருந்த நாள் அது. பந்தயத்துக்குப்பின் அவர் என்ன சொன்னார்? பிழை தம்முடையதே என்று சொன்னார்.

பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருந்தபோது இரண்டாவது மோதல். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்ற செபாஸ்டியன் வெட்டல் நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். நரேனை ஒரு சுற்று முந்தினார். முந்தி முடித்து அவர் கோட்டுக்குத் திரும்பும்போது, அவருடைய இடப் பின்சக்கரமும் நரேனின் முன்சிறகும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. பதினோராம் இடம், புள்ளி ஒன்றும் இல்லை. சினமடைந்த வெட்டல், சாலையில் திரியும் மூடர்களோடு நரேனை ஒப்பிட்டார். ஜெர்மானிய வழக்கில் ‘வெள்ளரிக்காய்’ என்றும் ஏசினார். நரேனோ, தாம் இயன்றவரை ஓரம் ஒதுங்கியதாகவும், ஈரமான ஓரத்தில் அதற்குமேல் இடமில்லை என்றும், வெட்டல் சற்று முன்னதாகவே குறுக்கே வந்துவிட்டார் என்றும் கூறினார். நடுவர்கள் நரேன்மீது பிழை கண்டு, அவருடைய நேரக்கணக்கில் இருபது வினாடியைக் கூட்டினர்.

தீர்ப்பு தவறென்று சொல்ல நமக்குத் தகுதியில்லை. கருவிகள் காட்டிய கணக்கு அவர்கள் முன் இருந்தது. ஆனால் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தபின் நமக்கு ஒன்று தோன்றியது. முந்திச் செல்பவனுக்குக் கையளவு இடம்கூட மிச்சம் விடாமல் திரும்பும் அவசரம் ஏன்? பக்கத்தில் இருப்பவன் மறைந்துவிடமாட்டான் அல்லவா? பிழை நரேனுடையது என்றே கொள்வோம். பிழையாளனுக்குத் தண்டனை இருபது வினாடி. ‘வெள்ளரிக்காய்’ என்பது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? அதே நாளில், அதே தடத்தில், அதே மெதுவான வண்டியோடு மோதி, அதைவிடப் பெரிய வாய்ப்பை இழந்த பட்டன், அப்படி ஏதும் சொல்லவில்லையே! இத்தனைக்கும் அவ்வாண்டு உலகப் பட்டம் வெட்டலுக்கே கிடைத்தது, மூன்றே புள்ளி வித்தியாசத்தில்.

தந்தையும் மகனும்

குடும்பங்களுக்கான இவ்விதழில் தந்தை மகன் கதை ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது.

பிரேசில் நாட்டின் இன்டர்லாகோஸ் தடத்தில் 2001-இல், தம் மூன்றாவது பந்தயத்திலேயே முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார் கொலம்பியா நாட்டு இளைஞர் வான் பாப்லோ மொன்தோயா. ஒரு மெதுவான வண்டியை ஒரு சுற்று முந்தினார். முந்தப்பட்டவர் ஜோஸ் வெர்ஸ்டாப்பன் என்ற டச்சு ஓட்டுநர். அடுத்த வளைவில் அவர் பிரேக் பிடிக்கத் தவறி, மொன்தோயாவின் வண்டியைப் பின்னாலிருந்து இடித்தார். முதல் வெற்றி கைக்கு எட்டும் நேரத்தில் மொன்தோயா வெளியேறினார்.

பதினேழு ஆண்டுகள் சென்றன. அதே தடம், 2018 நவம்பர் 11. முதலிடத்தில் ஓடியவர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், அந்த ஜோஸின் மகன். ஒரு சுற்று பின்தங்கியிருந்த எஸ்தபான் ஓகோன், புதிய டயர் தந்த வேகத்தில், தாம் இழந்த சுற்றை மீட்டுக்கொள்ளத் தலைவனையே முந்த முயன்றார். விதி அதைத் தடுப்பதில்லை. ஆனால் வளைவில் ஓகோன் பின்வாங்கவில்லை, வெர்ஸ்டாப்பனும் இடம் விடவில்லை. மோதினர். வெர்ஸ்டாப்பன் சுழன்று இரண்டாம் இடத்தில் முடித்தார். லூயிஸ் ஹாமில்டன் வென்றார். நடுவர்கள் ஓகோனைப் பத்து வினாடி நிறுத்திவைத்துத் தண்டித்தனர். வேகம் இருந்தால் முந்தலாம், ஆனால் தனக்கு ஏதும் கிடைக்காத இடத்தில் பந்தயத் தலைவனோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பதே அவர்கள் கருத்து. அது நியாயம்தான். அதோடு முடிந்ததா? பந்தயத்துக்குப்பின் எடை பார்க்கும் இடத்தில் வெர்ஸ்டாப்பன் ஓகோனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அதற்காக அவருக்கும் இரண்டு நாள் பொதுத்தொண்டு என்று தண்டனை வந்தது. காலையில் நியாயம் யார் பக்கம் இருந்ததோ, மாலையில் குற்றமும் அவர் பக்கமே வந்து சேர்ந்தது.

தந்தை மோதியவராக இருந்த அதே தடத்தில் மகன் மோதப்பட்டவராக நின்றார். ஒரு தலைமுறைக்குள் இடம் மாறிவிடுகிறது. இன்று பின்னால் நின்று ஹாரன் அடிக்கும் கை, ஒருநாள் நடுங்கிக்கொண்டே மிதிவண்டியைப் பிடிக்கும் கையாகும். மாமியாரைக் குறைகூறும் மருமகளும், மருமகளைக் குறைகூறும் மாமியாரும் இந்த இடமாற்றத்தை எண்ணிப் பார்ப்பது நலம்.

ஐந்து ஆண்டு கழித்து வந்த வார்த்தை

இன்னும் இரண்டு செய்திகள். 1988-இல் மெக்லாரன் அணி பதினாறு பந்தயங்களில் பதினைந்தை வென்றது. தவறிய ஒரே ஒன்று, செப்டம்பர் 11-இல் இத்தாலியின் மொன்சாவில் நடந்தது. முதலிடத்தில் ஓடிய அயர்ட்டன் சென்னா, முடிய இரண்டே சுற்றுகள் இருக்க, ழான் லூயி ஷ்லெசர் என்பவரை ஒரு சுற்று முந்த முயன்றார். அம்மை கண்ட நைஜல் மேன்செல்லுக்குப் பதிலாக அன்று ஒருநாள் ஓட்ட வந்தவர் ஷ்லெசர். அவர் பிரேக் பிடித்தபோது சறுக்கி அகலப் போனார். அவர் தடத்தைவிட்டே போய்விடுவார் என்று எண்ணிச் சென்னா வளைவில் திரும்பினார். ஷ்லெசரோ வண்டியை அடக்கி மறுபடி உள்ளே வந்தார். மோதல், சென்னா அங்கேயே நின்றார். நான்கு வாரத்துக்கு முன்புதான் என்ஸோ பெராரி மறைந்திருந்தார். அவருடைய வண்டிகள் சொந்த மண்ணில் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. சென்னா பொறுத்திருக்கலாம், ஷ்லெசர் இன்னும் விலகியிருக்கலாம். முன்னே செல்பவன் என்ன செய்வான் என்று எண்ணினோமோ அதை அவன் செய்தேவிட்டான் என்று கொள்வதே பாதி மோதல்களுக்குக் காரணம்.

1998 ஆகஸ்டு 30, பெல்ஜியத்தின் ஸ்பா தடம். கொட்டும் மழை. முதலிடத்தில் மைக்கேல் ஷூமாக்கர். ஒரு சுற்று பின்னால் டேவிட் கூல்தார்ட். வழிவிட எண்ணிய கூல்தார்ட் வேகத்தைக் குறைத்தார். ஆனால் எல்லோரும் ஓடும் கோட்டைவிட்டு விலகாமலே குறைத்தார். தெறித்த நீர்ப்புகையில் ஷூமாக்கருக்கு எதுவும் தெரியவில்லை, பாய்ந்து மோதினார். ஒரு சக்கரம் போக, மூன்று சக்கரத்தோடு நிலையத்துக்கு வந்தவர், என்னைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்டபடி கூல்தார்டின் கொட்டகைக்குப் பாய்ந்தார். நடுவர்கள் கூல்தார்டைத் தண்டிக்கவில்லை. அவரும் அன்று பிழையை ஏற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2003-இல், கேட்பார் யாருமில்லாத வேளையில், நீர்ப்புகைக்கு நடுவே ஓட்டக் கோட்டிலேயே வேகத்தைக் குறைத்தது தம் தவறு என்று அவரே சொன்னார்.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. வழிவிட விரும்புவது மட்டும் போதாது. மற்றவனுக்குத் தெரியும்படி வழிவிட வேண்டும். கூல்தார்டின் நோக்கம் நல்லது, செய்த விதம் ஆபத்தானது. அடுத்து, நடுவர் விடுதலை செய்தாலும் மனச்சாட்சி வழக்கை முடித்துவிடுவதில்லை. எந்தத் தண்டனைக்கும் இடமில்லாத காலத்தில் வாயைத் திறந்த அவரை நாம் மதிக்கிறோம்.

கூரத்து வழக்கு

இப்போது நம் சாலைக்குத் திரும்புவோம்.

இரு வீட்டாரையும் உட்காரவைத்து, முதலில் நாமே பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவரைப் பாராமலே அவர்மேல் பழி சொன்னதை ஒப்புக்கொண்டோம். பிறகு ஒரே ஒரு விதி வைத்தோம்: ‘அவன் என்ன செய்தான் என்று யாரும் சொல்லக்கூடாது, நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்லவேண்டும்.’

நெடுநேரம் யாரும் பேசவில்லை. பழி சொல்வதற்கு ஆயிரம் சொற்களுடன் வந்திருந்தவர்களுக்கு, இந்த ஒரு விதியால் நாக்கு உலர்ந்துவிட்டது.

பெரியவர்தான் முதலில் பேசினார். “ஹாரன் காதில் விழுந்தது, ஐயா. எனக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்துவிட்டது. கை காட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை” என்றார். பிறகு தம் தொழிலிலிருந்தே ஒன்று சொன்னார்: “கோர்வையில் இழை விட்டுப்போனால் உடல் நெய்கிறவனும் கரை நாடா எறிகிறவனும் இரண்டு பேரும்தான் தலைகுனிய வேண்டும். ஒருவனை மட்டும் சொல்ல முடியாது.” காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு ஒவ்வோர் ஊடைக்கும் பின்னிக்கொள்ளும் இடத்துக்குக் கோர்வை என்று பெயர் என்பதை நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதைக் கேட்டதும் பையன் தலை நிமிர்ந்தான். “அவர் வேகத்தைக் குறைத்ததைப் பார்த்தேன், ஃபாதர். திரும்பப் போகிறாரோ என்று ஒரு நொடி தோன்றியது. பஸ் போய்விடுமே என்று, அதற்குள் கடந்துவிடலாம் என்று நினைத்தேன்” என்றான். தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதுவரை அந்த ஒரு நொடியை அவன் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நாம் சொன்னது இதுதான். இருவர் பக்கமும் பிழை உண்டு; ஆனால் சமமாக இல்லை. பின்னால் வருபவனுக்கு முன்னால் செல்பவன் தெரிகிறான். முன்னால் செல்பவனுக்குப் பின்னால் வருபவன் தெரிவதில்லை. கண் உள்ள இடத்தில்தான் பொறுப்பும் அதிகம். ஐயம் தோன்றிய அந்த நொடியில் பிரேக்கின்மேல் போகவேண்டிய கை, ஹாரனை நம்பியது. ஹாரன் வேண்டுகோளே தவிர அனுமதிச் சீட்டாகாது. ஆகவே பெரும்பங்கு இளைஞனுடையது. கை காட்டாமல், திரும்பிப் பாராமல் வளைந்த பங்கு பெரியவருடையது. வயதும் வறுமையும் அதை இல்லாததாக்கிவிடா. நம் நீதிமன்றங்களும் இத்தகைய வழக்குகளில் இரு தரப்பின் கவனக்குறைவையும் நிறுத்துப் பார்த்து, அடிபட்டவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைப்பதுண்டு.

அடிபட்டவர்களைக் கண்டதும் நம் மனம் இழப்பை எடை போடத் தொடங்கிவிடுகிறது. யாருக்கு அதிகம் போயிற்றோ அவன் நிரபராதி என்று கூட்டம் முடிவு கட்டுகிறது. பந்தயத் தடத்தில் பெரியவனுடைய வெற்றி போகிறது. ஆகவே சின்னவன் குற்றவாளி. நம் சாலையில் ஏழையின் கை ஒடிகிறது. ஆகவே வேகமாக வந்தவன் குற்றவாளி. இரண்டிலும் யாருக்கு என்ன போயிற்று என்ற கேள்வி, யார் என்ன செய்தார் என்ற கேள்வியை விழுங்கிவிடுகிறது. இழந்தவனுக்கு உதவி வேண்டும், அது வேறு. செய்தவன் யார் என்று பார்க்கவேண்டும், அது வேறு. இரண்டையும் குழப்பினால் உதவியும் கெடும், நீதியும் கெடும்.

முடிவில், சேற்றில் கெட்ட பட்டின் விலையை இளைஞன் வீட்டார் ஏற்றனர். பெரியவர் மருத்துவச் செலவைப் பாதிக்குமேல் வாங்க மறுத்தார். மீதி தம் பங்கு என்றார். கை கூடும்வரை பாதியில் நின்ற புடவையை உறவினர் ஒருவர் நெய்துகொடுக்க ஏற்பாடாயிற்று. பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆயினும் இரு வீட்டாரும் இன்று சாலையில் எதிர்ப்பட்டால் நின்று நலம் விசாரிக்கிறார்கள்.

அன்று எல்லோரும் எழுந்து போகும்போது பெரியவர் தம் ஊர்ப் பெருமையை ஒருமுறை நினைவூட்டினார். பந்தயத் தடத்துக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். கூரம் அவருடைய சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். ஆசிரியரைக் காப்பதற்காக அவர் வேடத்தில் சோழன் அவைக்குச் சென்று கண்ணிழந்தார் ஆழ்வான். அதற்குக் காரணமாக நின்ற நாலூரான் அவரிடமே பாடம் கேட்டவன். பின்னாளில் காஞ்சி வரதர்முன் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கவேண்டும் என்றே ஆழ்வான் வேண்டினார் என்று வைணவப் பெரியோர் வரலாறு கூறுகிறது. பிழை யார் பக்கம் என்பது ஆழ்வானுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். பிழையை மூடி மறைப்பது மன்னிப்பாகாது; அறிந்தபின் பகையை விடுவதே மன்னிப்பு. இதைச் சொல்ல நம் மறைநூலைத் தேடிப் புறப்பட்ட நமக்கு, பக்கத்து ஊர்க்காரர் அவர் ஊர்க் கதையைக் கொண்டே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறுதோறும் பூசையின் தொடக்கத்தில் நாம் அனைவரும் பிழையை ஏற்று மார்பில் தட்டிக்கொள்கிறோம். தம் மார்பில்தான் தட்டிக்கொள்கிறோம். அடுத்த பெஞ்சில் இருப்பவர் மார்பில் எவரும் தட்டுவதில்லை. கோயில் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் அந்தக் கை ஏனோ திசை மாறிவிடுகிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் பாத்திரம் உடைந்தாலோ, பாகப்பிரிவினையில் மனம் உடைந்தாலோ, அன்று நாம் வைத்த அந்த ஒரே விதியை வைத்துப் பாருங்கள். முதலில் பேசுபவர் வீட்டின் பெரியவராக இருக்கட்டும். அவர் பேசினால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும்.